ஏழாம் நம்பர் மலையின் அருமண்

கொழும்பில் எங்கள் அலுவலகச் சுவரில் ஒரு பெரிய வரைபடம் தொங்கியது. நாட்டின் முக்கிய கனிமங்களுக்கான தேசியக் கொள்கை தயாராகிக்கொண்டிருந்த நேரம் அது. பென்சில் கரி எங்கே, கறுப்பு மணல் எங்கே, அருமண் எங்கே என்று கட்டம் கட்டமாக நிறம் பூசியிருந்தார்கள். கச்சாவாக அள்ளி விற்றுவிட்டு, பிறகு அதையே பேட்டரியாக விலைகொடுத்து வாங்கும் பிழைப்பு இனி வேண்டாம். முதலில் நம்மிடம் என்ன இருக்கிறது என்று நமக்குத் தெரியட்டும். கொள்கையின் சாரம் இவ்வளவுதான். நல்ல சாரம்தான். அதைச் சொல்ல ஒரு தலையணை மொத்தத்துக்குப் பக்கங்கள் எழுதினார்கள், அது வேறு கதை.

அந்த வரைபடத்தில் மலையகத்துப் பக்கம் ஒரே ஒரு கட்டம் ஊதா நிறத்தில் இருந்தது. ஊதா என்றால் அருமண். கைப்பேசிக்கும் மின்சாரக் காருக்கும் காற்றாலைக்கும் அது இல்லாமல் முடியாது. உலகமே அதற்காக அடித்துக்கொள்கிறது. அந்த ஊதாவைப் பூச வைத்தவள் நான். வட்டகொடைக்கு மேலே இருக்கிற பாறைக்காட்டுத் தோட்டத்தின் ஏழாம் நம்பர் மலையில் ஓடும் ஓடையிலிருந்து நான் அள்ளிவந்த மண்ணில் அருமண் எக்கச்சக்கமாக இருந்தது. தோட்டத்தில் தேயிலை நட்ட ஒவ்வொரு துண்டையும் மலை என்றுதான் சொல்வோம். சொல்வோம் என்கிறேன், ஏனென்றால் நான் பிறந்து வளர்ந்ததும் அதே தோட்டத்து லயத்தில்தான், கூலியாட்களின் வரிசை வீட்டில். மாவட்டத்து ஓடைகளை எங்கள் குழு பங்கு போட்டபோது அந்த ஓடையை நானே கேட்டு வாங்கினேன்.

ஆய்வுக்கூட முடிவு வந்த அன்று எங்கள் குழுத் தலைவர் பண்டார சேர் எல்லோர் முன்னாலும், "இது ரஜிதாவின் கட்டம்" என்று விரலால் தொட்டுக் காட்டினார். எனக்குத் தலைகால் புரியவில்லை. புவியியல் படித்து வேலைக்கு வந்த புதிதில் ஒருத்திக்கு இதைவிட என்ன வேண்டும்?

பௌர்ணமிப் போயா விடுமுறைக்கு ஊருக்குப் போனதும் முதல் வேலையாக அப்பாவிடம் சொன்னேன். அப்பா அழகையா, ஓய்வுபெறும்வரை தோட்டத்தில் உரம் போடுகிற ஆட்களுக்குக் கங்காணியாக இருந்தவர். சிறந்த கங்காணி என்று தோட்டத்துத் துரை கொடுத்த சுவர்க் கடிகாரம் எங்கள் லயத்து அறையான காம்பராவில் இன்னமும் மாட்டியிருக்கிறது. அது ஓடுவதை நான் பார்த்ததில்லை.

அப்பா ரொட்டியைப் பிய்த்துக்கொண்டே கேட்டார். "எந்த எடத்துல மண்ணு அள்ளுன?"

"கல்லுப்பாலத்துக்குக் கீழப்பா."

"மேல ஏறலையா?"

"இன்னும் இல்ல. அடுத்த தடவ வந்து, எங்கயிருந்து வருதுன்னு மேல போயிப் பாக்கணும்."

அப்பா ரொட்டியை அப்படியே தட்டில் வைத்துவிட்டு வாசலில் போய் நின்றார். திரும்பி வந்தபோது கண் கலங்கியிருந்தது. "நல்லது புள்ள. நாட்டுக்கே நல்லது செஞ்சிருக்க" என்றார். என் அப்பா புகழ்கிற ஜாதி இல்லை. பல்கலைக்கழகத்துக்குத் தேர்வானபோதுகூட "பஸ்ஸுல பத்தரமா போ" என்றுதான் சொன்னார். ஆகவே ஆனந்தக் கண்ணீர் என்று எடுத்துக்கொண்டேன். எடுத்துக்கொள்ளாமல் என்ன செய்வேன்?

அன்று பொழுது சாயுமுன் லயம் முழுவதும் சேதி போய்விட்டது. "என் மக நாட்டு மேப்புல ஒரு எடத்தையே கண்டுபிடிச்சிருக்கா" என்று அப்பா ஒவ்வொரு வாசலிலும் நின்று சொன்னார்.

சிக்கல் பிறகுதான் வந்தது. நிறம் பூசி முடித்த சில வாரங்களில் மேலிடத்திலிருந்து ஒரு விதி இறங்கியது: நிறம் பூசிய கட்டங்களுக்குள் எந்த நிலத்தையும் யாருக்கும் எந்தத் தேவைக்கும் கொடுக்கக்கூடாது. துளையிட்டுப் பார்த்து முடிவு தெரியும்வரை அப்படியே கிடக்க வேண்டும். துளையிடும் இயந்திரமோ நாட்டுக்கே ஒன்றிரண்டுதான். வரிசையில் எங்கள் மலையின் முறை வர வருடக்கணக்காகும்.

ஏழாம் நம்பர் மலையின் அடிவாரம்தான் எங்கள் லயத்து ஆட்களுக்கு வீடு கட்ட ஒதுக்கிய இடம். முந்தைய பெருமழையில் லயத்துக்குப் பின்னால் மண் சரிந்து, பின்சுவர் கூரை வரைக்கும் வெடித்துவிட்டது. இருக்கத் தகுதியில்லை என்று அதிகாரிகளே எழுதிக் கொடுத்துவிட்டார்கள். ஆளுக்குப் பத்துப் பேர்ச் காணி, அளந்து முளை அடித்தாகிவிட்டது, உறுதிப் பத்திரம் கொடுக்கிற நாள் குறிக்க வேண்டியதுதான் பாக்கி. அந்த நேரத்தில் என் ஊதா வந்து குறுக்கே படுத்துக்கொண்டது. பத்திரம் நிறுத்தப்பட்டது.

அடுத்த முறை ஊருக்குப் போனபோது யாரும் என்னை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. பையன்கள் சிலர் சுரங்கம் வந்தால் வேலை வரும் என்று கணக்குப் போட்டார்கள். பக்கத்துக் காம்பரா அம்மாக்கண்ணு அத்தை மட்டும்தான் என் முகத்தைப் பார்த்துக் கேட்டாள்.

"ஏன் புள்ள, அந்த மண்ணு எங்க பத்துப் பேர்ச்சுல மட்டுந்தான் கெடைக்குமா? தொர பங்களாப் பக்கம் பாத்தீங்களா?"

"ஓடையில வந்ததத்தானே, அத்த, எடுக்க முடியும்."

"ஓடையும் நம்மளத்தான் தேடி வருது" என்று தண்ணீர்க் குடத்தைத் தூக்கிக்கொண்டு போனாள்.

அம்மா ஜெயலெட்சுமி வெடித்த சுவருக்கு அடைத்திருந்த நீலத் தறப்பாளை இழுத்துக் கட்டினாள். மழை வலுத்தால் லயத்து ஆட்கள் எல்லோரும் பாயைச் சுருட்டிக்கொண்டு புள்ளைக் காம்பராவுக்குப் போய்விடுவார்கள். பகலில் கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் அந்தக் கூடம்தான் ராத்திரியில் அகதி முகாம். அம்மாவுக்கு முழங்கால் வலி. சிமெந்துத் தரையில் படுத்து எழுந்தால் அடுத்த நாள் மலைக்குப் போகக் கால் வராது. "வீடு வந்துரும்னு நெனச்சேன்" என்று ஒருமுறை சொன்னாள். என்னைப் பார்த்துச் சொல்லவில்லை.

எனக்கும் அந்த வீடு வேண்டும். என் அம்மா ஓட்டை விழாத கூரைக்குக் கீழே படுக்க வேண்டும். அதே நேரம் அந்த ஊதாக் கட்டமும் வேண்டும். இரண்டையும் ஒரே நிலத்தில் வைத்துவிட்டான் கடவுள், அவனை என்ன சொல்ல? தடையைச் சீக்கிரம் நீக்க எனக்குத் தெரிந்தது ஒரே வழிதான். ஓடை வழியே மேலே ஏறி, அருமண் வருகிற பாறையைக் கண்டுபிடித்தால், அந்த இடத்தை மட்டும் வைத்துக்கொண்டு அடிவாரத்தை விடுவிக்கச் சொல்லலாம். பண்டார சேரும் ஒத்துக்கொண்டு கூடவே வந்தார்.

நாங்கள் மலை ஏறப்போகிறோம் என்றதும் அப்பாவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. "மேல போகாத புள்ள. குளவி இருக்கு" என்றார். குளவி என்றால் தோட்டத்தில் எல்லோருக்கும் பயம்தான். கொழுந்து எடுக்கப் போய்க் குளவி கொட்டிச் செத்தவர்கள் உண்டு. ஆனால் அன்று அந்தக் குளவி கொஞ்சம் அதிகமாகவே பறந்தது. அப்பாவிடம் வேலை செய்த செல்லசாமி மாமா, பாறைக்குப் பக்கத்தில் கூடு என்றார். இன்னொரு பெரியவர் சவுக்கு மரத்தில் என்றார். இன்னொருவர் ஓடைக்கரையில் என்றார். ஆளுக்கொரு மரத்தில் ஒரு கூட்டைக் கட்டித் தொங்கவிட்டார்கள். பண்டார சேர் பயந்துபோய் மழைக்கோட்டை மாட்டி, தலையில் துவாயைச் சுற்றிக்கொண்டு வேர்க்க விறுவிறுக்க ஏறினார். குளவியும் இல்லை, ஒன்றும் இல்லை.

கல்லுப்பாலத்திலிருந்து படிப்படியாக மண் எடுத்துக்கொண்டு போனோம். சரிவு செங்குத்தாகிற இடத்தில் இரண்டு பெரிய பாறைகள் சாய்ந்து நிற்கின்றன. நடுவே ஆள் இறங்குகிற அளவுக்கு ஒரு பிளவு. மானாப்புல்லும் பன்னைச் செடியும் மூடிக்கிடந்தன. மழைத் தண்ணீர் அதற்குள் புகுந்து அடியில் ஓடையாகக் கசிந்து வந்தது. கத்தியால் புல்லை வெட்டிவிட்டு மண்வெட்டியைப் போட்டேன். டங் என்றது.

பாறை இல்லை. கையில் எடுத்தால் நனைந்து இறுகிய சிமெந்து மாதிரி இருந்தது. சாம்பலும் பழுப்பும் கலந்த கட்டி. உடைத்தேன். உள்ளே வெள்ளைச் சாக்கின் பிளாஸ்டிக் நார் ஒட்டிக்கொண்டிருந்தது. இன்னும் வெட்ட வெட்ட அதே கட்டி, அதே நார்.

நானும் சேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். யாரும் விளக்கிச் சொல்லத் தேவையிருக்கவில்லை. எப்பாவலைப் பக்கம் தோண்டியெடுக்கிற பாஸ்பேட் பாறையை அரைத்துத்தான் தேயிலைக்கு உரமாகப் போடுகிறார்கள். அந்தப் பாறையிலேயே இயற்கையாக அருமண் உண்டு. படித்தவர்கள் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். செடிக்குச் செடி தூவினால் அது மண்ணோடு கரைந்து காணாமல் போகும். இங்கேயோ ஒரு பிளவு நிறையக் கிடந்தது. ஓடை மண்ணின் ஆய்வில் பாஸ்பேட்டும் இருந்ததே, அப்போதே சந்தேகப்பட்டிருக்கலாமே என்று யாரும் கேட்கலாம். நம் மலைப் பாறைகளில் வருகிற அருமண் தாதுவிலும் பாஸ்பேட் உண்டு. அதனால் யாருக்கும் மூக்கு வேர்க்கவில்லை.

நான் நாட்டுக்குக் கண்டுபிடித்துக் கொடுத்த புதையல் உர மூட்டை. அழுகை வந்தது, சிரிப்பும் வந்தது. சேர் முன்னால் இரண்டையும் அடக்கிக்கொண்டேன்.

"இவ்வளவு உரத்தை இந்த உச்சிக்குக் கொண்டுவந்து யார் கொட்டியிருப்பார்கள்?" என்று சேர் சிங்களத்தில் கேட்டார்.

"விசாரிக்கிறேன் சேர்" என்றேன். யாரை விசாரிக்க வேண்டும் என்பது எனக்குத் தெரிந்துவிட்டது.

வீட்டுக்குப் போனபோது அப்பாவும் செல்லசாமி மாமாவும் பிளேன்டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். அந்தக் கட்டியை இருவருக்கும் நடுவில் வைத்தேன்.

"இது என்னாப்பா?"

"கல்லு" என்றார் அப்பா.

"கல்லுக்குள்ள சாக்கு மொளைக்குமா?"

செல்லசாமி மாமா டம்ளரைக் கீழே வைத்தார். அவரால் எதையும் வாய்க்குள் வைத்திருக்க முடியாது. அன்றுவரை வைத்திருந்ததே பெரிய காரியம். "அண்ணே, இனி மூடி என்னா செய்ய?" என்று சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினார். "அது பேங்கு புள்ள."

"பேங்கா?"

"நாங்க அப்புடித்தான் சொல்லுவோம். ஏழாம் நம்பர் மலையோட உச்சிக்கு மூட்டையத் தூக்கிட்டு ஏறிப் பாத்திருக்கியா நீ? அட்டக்கடி, வழுக்கு, மழை வேற. காலயில ஸ்டோருல மூட்டைய எண்ணிக் குடுப்பாங்க. சாயங்காலம் வெறும் சாக்க எண்ணி வாங்குவாங்க. சாக்குக் கணக்கு சரியா இருந்தாப் போதும், பேர் போட்டுருவாங்க, அன்னிக்குச் சம்பளம் உண்டு. செடிக்குப் போச்சா இல்லையான்னு எந்தத் தொரையும் மேல ஏறிப் பாத்ததில்ல. அதுனால கீழப் பாதிக்கு ஒழுங்கா போடுவோம். மேல் பாதிக்கு உள்ளத பேங்குல போட்டுட்டு சாக்க ஒதறிக் கொண்டாந்துருவோம். ஒங்கப்பா வர்றதுக்கு முன்னாடியிருந்தே அப்புடித்தான். எங்களோட முடிஞ்சும் போச்சு."

நான் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். சிறந்த கங்காணி. அந்த மலையில் மேல் பாதித் தேயிலை ஏன் எப்போதும் நோஞ்சானாகவே நின்றது என்பதும் அன்றுதான் விளங்கியது.

எனக்குக் கோபம் தலைக்கேறியது. உரத்தைக் கொட்டியதற்கு இல்லை. அந்தச் சரிவில் மூட்டையோடு ஏறச் சொன்னால் நானும் பாதி வழியில் கொட்டிவிட்டுத்தான் வருவேன். "நான் வந்து சொன்ன அன்னிக்கே ஒங்களுக்குத் தெரிஞ்சிருக்கு. லயமே வீடு இல்லாம நிக்குது. ஒரு வார்த்தை சொல்றதுக்கென்னப்பா? குளவி, குளவின்னு எதுக்கு எல்லாருமா பொய் சொன்னீங்க?"

அப்பா டம்ளரைத் தள்ளி வைத்தார். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"எப்புடிச் சொல்லச் சொல்ற? மொத மொதல்ல ஒரு வெசயம் கண்டுபிடிச்சேன்னு ஓடியாந்து நிக்கிற. அது நாங்க கொட்டுன குப்பன்னு சொன்னா ஒன்ன வேலையில வச்சிருப்பாங்களா? பொய்க் கணக்குக் காட்டுனேன்னு வெரட்டிற மாட்டாங்களா? எங்க பழைய ஆளுங்களக் கூப்புட்டுப் பேசுனேன். எல்லாரும் ஒத்துக்கிட்டாங்க. வீடு இன்னும் கொஞ்ச வருசம் கழிச்சு வந்தா வரட்டும். லயத்துல இருந்து பழகுனவங்கதான நாங்க."

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அந்த உரக் கூட்டத்தில் மிச்சமிருந்த கிழவர்கள் எல்லோரும் உட்கார்ந்து பேசி, என் ஒருத்தியின் வேலைக்காகத் தங்கள் தங்கள் வீட்டை விட்டுக் கொடுப்பதென்று முடிவெடுத்திருக்கிறார்கள். எங்கள் தொழிலில் பிழையான மாதிரி சகஜம், அதற்காக யாரையும் விரட்ட மாட்டார்கள் என்பது அவர்களுக்கு எப்படித் தெரியும்? ஒரு நாள் கொழுந்து நிறை குறைந்தால் அரைப் பேர் போட்ட இடத்தில் காலம் தள்ளியவர்கள். பிழை என்றால் தண்டனை, அவர்கள் கண்ட உலகம் அதுதான்.

"ஏங்க!" என்று உள்ளேயிருந்து அம்மாவின் குரல் வந்தது. இவ்வளவும் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறாள். அடுப்பிலிருந்து எழுந்து வந்து இடுப்பில் கை வைத்து நின்றாள். "ஆம்பளைங்க எல்லாம் கூடிப் பேசுனீங்களே, பொம்பளைங்கள ஒரு வார்த்தை கேட்டீங்களா? புள்ளைக் காம்பராவுல முழங்கால முடக்கிட்டுப் படுக்குறது நானு. விட்டுக் குடுக்குறது நீங்களா?"

"ஒம் மகளுக்காகத்தான்..."

"எம் மகளுக்கு நாக்கு இருக்கு. அவளையே கேட்டிருந்தா அவளே சொல்லியிருப்பா." அம்மா பக்கத்துக் காம்பராச் சுவரில் கையால் தட்டினாள். "அம்மாக்கண்ணு! இங்க வா. ஒன் வீட்டுக்காரரு செஞ்ச தருமத்த வந்து கேளு."

அம்மாக்கண்ணு அத்தை செல்லசாமி மாமாவின் மனைவி. அவள் வந்தாள், கேட்டாள். அதற்குப் பிறகு அங்கே நடந்ததை நான் எழுதப்போவதில்லை. செல்லசாமி மாமா மீதி பிளேன்டீயைக் குடிக்கவில்லை என்பதோடு விடுகிறேன்.

பிழை தெரிந்துவிட்டதே, ஊதாவை அழித்துவிட வேண்டியதுதானே என்று நினைத்தேன். அவ்வளவு சுலபமாக அரசாங்கத்தில் எந்த நிறமும் அழியாது. அந்த வரைபடம் அதற்குள் பெரிய கூட்டங்களில் திரையில் ஓடியிருந்தது. வெளிநாட்டுக்காரர்கள் படம் பிடித்துக்கொண்டு போயிருந்தார்கள். "இருந்துவிட்டுப் போகட்டுமே, துளையிடும்போது தெரிந்துகொள்ளலாம்" என்றார்கள் மேலே. நான் மேசைக்கு மேசை நடந்தேன். யார் காலடியில் வேண்டுமானாலும் விழலாம் போல இருந்தது. ஒரு கட்டத்தில் நான் சத்தம் போட்டேன் என்று இன்றும் அங்கே சொல்கிறார்கள். உண்மைதான், போட்டேன்.

பண்டார சேர்தான் ஒரு வழி கண்டுபிடித்தார். இல்லாத தாதுவை இருக்கிறது என்று சொல்கிற கொள்கை எத்தனை பக்கம் இருந்தாலும் காகிதம்தான் என்று மேலே எழுதிப்போட்டார். கட்டிகளின் ஆய்வு முடிவு ஒன்று வேண்டும், அது நம்மிடம் இருக்கிறது. உரம் அங்கே எப்படி வந்தது என்று கொட்டியவர்களே தரும் வாக்குமூலம் ஒன்று வேண்டும். இரண்டும் இருந்தால் அந்த வாரமே கட்டத்தை நீக்கிவிடலாம், காணி கொடுப்பதற்கு எங்கள் பக்கத்திலிருந்து தடை இருக்காது என்று மேலே ஒத்துக்கொண்டார்கள்.

வாக்குமூலம் என்றதும் மற்றவர்கள் தயார். அப்பாதான் அசையவில்லை. "நீங்க கங்காணி. நீங்க சொல்லாம நாங்க சொன்னா செல்லுமா?" என்றார் செல்லசாமி மாமா.  "ஒன்னும் ஆகாதுப்பா, யாரும் என்னை எதுவும் செய்ய மாட்டாங்க" என்று நான் தொலைபேசியில் தொண்டை வற்றச் சொன்னேன். "நீ அப்புடித்தான் சொல்லுவ" என்றார். அம்மா அவரோடு பேச்சை நிறுத்திவிட்டாள். சோறு போட்டாள், பேசவில்லை.

பண்டார சேர் வருகிற நாளன்று புள்ளைக் காம்பராவில் மேசை போட்டிருந்தது. ஒரு மூலையில் தொட்டில்கள் ஆடிக்கொண்டிருந்தன. செல்லசாமி மாமாவும் மற்றவர்களும் வாங்குப் பலகையில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். அம்மாவும் அத்தையும் வாசலில் நின்றார்கள். அப்பா வரமாட்டார் என்றுதான் நான் நினைத்திருந்தேன். வெள்ளைச் சட்டை போட்டு, தலையை வாரிக்கொண்டு வந்து சேருக்கு எதிரே உட்கார்ந்தார்.

சிங்களம் அப்பாவுக்கு நன்றாகவே புரியும், ஓரளவு பேசவும் வரும். கடைத்தெருச் சிங்களத்தில் இதைச் சொன்னால் ஏதாவது தப்பாகிவிடும் என்று பயந்து, "தமிழ்லயே சொல்றேன். நீ அவருக்குச் சொல்லு" என்றார். அப்பாவின் வாக்குமூலத்தை மொழிபெயர்ப்பது என் வேலையாயிற்று.

ஒழுங்காகத்தான் தொடங்கியது. மூட்டை கொடுக்கிற விதம், சாக்கு எண்ணுகிற விதம், மேல் பாதி, பிளவு. அப்பா சொல்லச் சொல்ல நான் சிங்களத்தில் சொன்னேன், சேர் எழுதினார். கங்காணி நான்தான், ஆட்கள் மேல் குற்றமில்லை, என் சொல்லைத்தான் கேட்டார்கள் என்றார் அப்பா. வாங்கிலிருந்து செல்லசாமி மாமா, "அவரு தடுத்தாரு, நாங்கதான் கேக்கல" என்று கத்தினார். "பொய்" என்றார் அப்பா. இரண்டையும் மொழிபெயர்த்தேன். சேர் சிரித்துக்கொண்டார்.

பிறகு பேனாவை மேசையில் வைத்துவிட்டுக் கேட்டார். "ஒன்று மட்டும் எனக்கு விளங்கவில்லை. முதல் நாளே இது உங்களுக்குத் தெரியும். உங்கள் வீடும் இதனால்தான் நின்றது. ஏன் அன்றே சொல்லவில்லை?"

நான் தமிழில் கேட்டேன். அப்பா என்னைப் பார்த்தார்.

"எம் மக மொகத்துல அன்னிக்கு இருந்த சந்தோசத்த நான் அதுக்கு முன்ன பாத்ததில்ல. பொறந்ததுலேருந்து அவளுக்கு நான் ஒன்னும் வாங்கிக் குடுத்ததில்ல. இருந்த சந்தோசத்தையும் நானே போயிப் புடுங்கவா? வீடு இல்லாம இருந்திருக்கேன். அது எனக்குப் பழக்கம்."

 சேர் காத்துக்கொண்டிருந்தார். தொட்டிலில் ஏதோ ஒரு பிள்ளை சிணுங்கியது.

"மறந்துவிட்டாராம் சேர்" என்றேன் சிங்களத்தில்.

அப்பா சட்டென்று நிமிர்ந்தார். "மறந்துட்டேன்னா சொன்ன? நான் எப்ப மறந்தேன்னு சொன்னேன்? சரியாச் சொல்லு புள்ள. இவ்வளவு தூரம் வந்து பொய்யெழுதவா நான் ஒக்காந்திருக்கேன்?"

நான் சரியாகச் சொன்னேன். ஒரு வார்த்தை விடாமல் சொன்னேன். பாதியில் நிறுத்தி, மூக்கைத் துடைத்துக்கொண்டு மறுபடி சொன்னேன். என் மேலதிகாரியின் முன்னால், என்னைப் பற்றி என் அப்பா சொன்னதை, "தன் மகளின் முகத்தில்" என்று யாரோ ஒருத்தியைப் பற்றிச் சொல்வதுபோலச் சொல்லி முடித்தேன். வாசலில் அம்மா முந்தானையை வாயில் வைத்திருந்தாள்.

சேர் அந்தப் பதிலை மட்டும் எழுதவில்லை. எழுதிய தாளைத் திருப்பி அப்பாவின் பக்கம் நகர்த்தினார். "இங்கே கையொப்பம் வைத்தால் போதும். இந்த வாரமே தடை நீங்கும்."

அப்பா தாளைத் தொடவில்லை. நான் அதையும் மொழிபெயர்க்க வாயெடுத்தேன். வேண்டாம் என்று கையைக் காட்டினார். நான் இனி எதைச் சொன்னாலும் அவர் நம்பப்போவதில்லை. மேசைமேல் சாய்ந்து, சேரின் முகத்தை நேராகப் பார்த்து, தனக்குத் தெரிந்த சிங்களத்தில் தானே கேட்டார்.

"மகே துவட்ட வரதக் நே நேத, சேர்?"

என் மகள்மேல் குற்றம் எதுவும் இல்லைதானே என்று கேட்டார்.

"நே, அழகையா. கிசிம வரதக் நே" என்றார் சேர். எந்தக் குற்றமும் இல்லை.

அப்பா சேரின் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அதற்குப் பிறகுதான் பேனாவைக் கேட்டார்.